ஈஸ்ட் ஹாம் மாடி வீட்டுக்கு இரட்டைப் பிராம் சரிப்படுமா?

கேள்வி, 14 ஜனவரி 2024

லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு கடைக்கு மேலே முதல் மாடியில் இருக்கிறோம். கார் இல்லை. பையனுக்கு ஒன்றே முக்கால் வயது, ஏப்ரல் கடைசியில் அடுத்த குழந்தை. பையனின் பெரிய பிராமை, அதாவது குழந்தைத் தள்ளுவண்டியை, ஒரு தோழிக்குக் கொடுத்துவிட்டோம், இப்போது குடை மாதிரி மடிகிற ஒரு சின்ன வண்டி, குடை மடிப்பு பக்கி, மட்டும்தான் இருக்கிறது. இரண்டு பேரையும் ஒன்றாக உட்கார வைக்கிற இரட்டைப் பிராம்தான் புத்திசாலித்தனம் என்கிறார் வீட்டுக்காரர். பட்ஜெட் 500 பவுண்டு. எந்த மாடல் வாங்கலாம் அக்கா?

14 ஜனவரி 2024, இரவு

மாடல் அப்புறம். இன்ச் டேப்பை எடுத்துக்கொண்டு கீழே இறங்குங்கள். தெருக்கதவை முழுக்கத் திறந்து வைத்து, கதவின் தடிமன் போக மிஞ்சுகிற இடைவெளியை அளந்து எழுதுங்கள். கதவை மட்டும் அளந்தால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் கூடுதலாகக் காட்டும், அந்த இரண்டு மூன்றில்தான் எல்லாம் இருக்கிறது.

இந்த ஊர் வீடுகளில் உள்கதவு பெரும்பாலும் 76 சென்டிமீட்டர். பிள்ளைகளைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைக்கிற இரட்டைப் பிராம்கள் பலவும் 72இலிருந்து 76 வரை வரும். புகபூ டாங்கி என்கிற மாடல் ஒற்றையாக இருக்கும்போது 60, இரட்டையாக விரித்தால் 74. மவுண்டன் பக்கி டூயட் மாதிரி ஒன்றிரண்டுதான் 64 வாக்கில் அடங்குகின்றன. காகிதத்தில் 74 என்பது 76க்குள் போகும்தான். மழையில், தோளில் பையோடு, உள்ளே இருப்பது அழுதுகொண்டிருக்கும்போது நுழைத்துப் பாருங்கள், விரல் முட்டி தோல் உரியாமல் போகாது.

அடுத்தது படி. இரட்டைப் பிராம்கள் நிறைய 14, 15 கிலோ. வீட்டுக்காரர் வீட்டில் இருக்கும்போது அவர் தூக்குவார், சரி. செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு யார் தூக்குவது? சிசேரியன் ஆனால் முதல் சில வாரங்களுக்குக் குழந்தையை விடக் கனமான எதையும் தூக்க வேண்டாம் என்றுதான் மிட்வைஃப் (பேறுகாலச் செவிலியர்) சொல்லி அனுப்புவார்கள். அளந்துவிட்டு வாருங்கள், பேசலாம்.

15 ஜனவரி 2024

"கீழே படிக்கட்டுக்கு அடியிலேயே வைத்துவிடலாமே" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். அந்த வழி கடைக்காரருக்கும் மேல் வீட்டுக்கும் பொது என்றால் வைக்கக் கூடாது. தீ பிடித்தால் வெளியேறுகிற ஒரே வழி அது. லண்டன் தீயணைப்புத் துறையும் பொது வழியில் பிராம், சைக்கிள் எதுவும் வேண்டாம் என்றுதான் சொல்கிறது, வீட்டு ஓனரின் காகிதத்திலும் அந்த வரி இருக்கும். நாங்கள் பக்கத்து மேனர் பார்க்கில் மாடியில் இருந்தபோது கீழே வைத்த எதிர்வீட்டுப் பிராமில் வீட்டு ஏஜென்ட் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார், அடுத்த வாரம் பிராமையே காணோம். யார் எடுத்தது என்பது இன்றுவரை தெருவில் விவாதம்.

ஆகவே வண்டி மாடிக்கு வந்தே ஆக வேண்டும். இதை முடிவு செய்துகொண்டால் பாதி மாடல்கள் தாமாகவே கழிந்துவிடும்.

17 ஜனவரி 2024

தெருக்கதவு 73 என்று எழுதியிருக்கிறீர்கள். நினைத்தேன். மீட்டர் பெட்டி இருக்கிற இடத்தில் நடைவழி இன்னும் குறுகும், அதையும் அளந்திருக்கலாம். பக்கவாட்டு இரட்டையில் டூயட் மாதிரி ஒடுக்கமான ஒன்றிரண்டைத் தவிர மற்றவை போயிற்று.

மிச்சம் முன்னும் பின்னுமாக உட்கார வைக்கும் டாண்டம். அகலம் ஒற்றை வண்டிக்கு உள்ளதுதான், கதவில் இடிக்காது. ஆனால் நீளம். ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் நம் மளிகைக்கடைகளில், ஒரு பக்கம் பருப்பு அடுக்கு, மறுபக்கம் ஃப்ரீசர், நடுவில் ஓர் ஆள் போகிற சந்து இருக்குமே, அங்கே டாண்டத்தைத் திருப்புவது தேரை முக்கில் திருப்புவது போலத்தான், நாலு பேர் கட்டை போட வேண்டும். நடைபாதை விளிம்பில் ஏற்றும்போது பின்னால் அழுத்தி முன்னால் தூக்க வேண்டும், முன்னால் 12 கிலோ பையன் உட்கார்ந்திருப்பான். பல டாண்டங்களில் கீழ் சீட் தரைக்குப் பக்கத்தில், மேல் சீட்டின் முதுகைப் பார்த்தபடி இருக்கும். ஒன்றே முக்கால் வயதுப் பையனுக்கு அந்தக் காட்சி பிடிக்காது, எழுந்து நிற்பான்.

17 ஜனவரி 2024, கொஞ்ச நேரம் கழித்து

புதிதாகப் பிறந்த குழந்தை விஷயத்தில் மட்டும் சமரசம் வேண்டாம். தலையும் முதுகும் நிற்கிற வரை, சுமார் ஆறு மாதம், தட்டையாகப் படுக்க வேண்டும். பெட்டியில் "பிறந்ததிலிருந்து" என்று போட்டிருந்தாலே தட்டை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். ஐரோப்பியத் தரம் ஈ.என். 1888இன்படி ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கான சீட் 150 டிகிரி சாய்ந்தால் போதும், 180 வேண்டும் என்று இல்லை. கடையில் சீட்டைச் சாய்த்து, பக்கத்தில் குனிந்து, இடுப்பு மடங்குகிற இடத்தில் எவ்வளவு பள்ளம் இருக்கிறது என்று கண்ணால் பாருங்கள். தொட்டில் பெட்டி தனியாக வருகிற வண்டி என்றால் இந்தக் கவலையே இல்லை. பெட்டி வழக்கமாக 9 கிலோ வரை, அல்லது குழந்தை தானாக எழுந்து உட்காரத் தொடங்கும் வரை.

கார் சீட்டோடு சேர்த்து விற்கும் "டிராவல் சிஸ்டம்" உங்களுக்கு எதற்கு? காரே இல்லை. அதை வாங்கினால் வசதி என்று குழந்தையை அந்தச் சீட்டிலேயே கடை, கோயில், சொந்தக்காரர் வீடு என்று சுற்ற வைப்போம். கார் சீட்டில் தொடர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், பிறந்த குழந்தைக்கு அரை மணியே போதும் என்பதுதான் இங்கே எல்லோரும் சொல்கிற அறிவுரை. முகவாய் மார்பில் இடித்தபடி தூங்கினால் மூச்சுக்குழல் மடங்கும்.

20 ஜனவரி 2024

பஸ் பற்றி. 101இல்தான் போவீர்கள் என்று நினைக்கிறேன். நடுவில் இருக்கும் இடம் முதலில் வீல்சேருக்கு. வீல்சேர் ஏறினால் நாம் நகர வேண்டும், தேவைப்பட்டால் மடிக்க வேண்டும். இதற்காக ஒரு வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போயிருக்கிறது. 2012இல் யார்க்ஷயரில் டக் பாலி என்பவரால் பஸ்ஸில் ஏற முடியவில்லை, அந்த இடத்தில் தூங்கும் குழந்தையோடு ஒரு பிராம், அந்த அம்மா நகரவில்லை. 2017 ஜனவரியில் தீர்ப்பு வந்தது: டிரைவர் "கொஞ்சம் நகருங்கள்" என்று ஒருமுறை கேட்டுவிட்டு விட்டுவிடக் கூடாது, அதற்கு மேலும் செய்ய வேண்டும், காரணமில்லாமல் மறுத்தால் சில நிமிஷம் பஸ்ஸை நிறுத்தியும் வைக்கலாம். அந்த அம்மாவையும் நான் திட்ட மாட்டேன், அவர் பிராம் மடங்காது என்று சொன்னதாகத்தான் செய்தி.

இதிலிருந்து வாங்குகிற நமக்குக் கேள்வி ஒன்றுதான். கைக்குழந்தையை ஒரு கையில் வைத்துக்கொண்டு, மூத்தவன் கம்பியைப் பிடித்து நிற்க, மற்ற கையால் இந்த வண்டியை மடிக்க முடியுமா? இரட்டையில் எனக்குத் தெரிந்து முடிந்தவர் யாரும் இல்லை.

20 ஜனவரி 2024, இரவு

வெம்ப்லியிலிருந்து எழுதுகிற அண்ணா ஒருவர், அப்படி மடிக்க "மூன்றாவது கை முளைக்க வேண்டும்" என்கிறார். மாமியார் என்று ஒருவரை ஊரிலிருந்து வரவழைத்தால் இரண்டு கை கூடுதலாகவே கிடைக்கும், விசாவுக்குத்தான் பிராமை விட அதிகம் செலவாகும்.

25 ஜனவரி 2024

தைப்பூசம். மாலை சர்ச் ரோடு முருகன் கோயிலுக்குப் போனேன். சாமி கும்பிட்டதை விட செருப்பு வைக்கிற இடத்துப் பக்கம் நிறுத்தியிருந்த பிராம்களைப் பார்த்ததுதான் அதிகம், இந்தக் கேள்வி-பதில் இழையால் வந்த வினை. இரட்டைகள் இரண்டு மூன்று இருந்தன. ஒன்றில் சின்னது தூங்கியது, பெரிய சீட்டில் மூன்று ஜாக்கெட், ஒரு தேங்காய்ப் பை. இன்னொன்றில் இரண்டு சீட்டும் காலி, அப்பா ஒன்றைத் தோளிலும் மற்றதைக் கையிலும் பிடித்துக்கொண்டு காலால் பிரேக்கைத் தேடிக்கொண்டிருந்தார்.

என்னுடைய அனுபவமும் இதுதான். இரண்டாவது பிறந்தபோது எனக்கு ஒரு தோழி தன் இரட்டைப் பிராமைக் கொஞ்ச நாளைக்குக் கொடுத்தாள். என் பெரியவளுக்கு அப்போது இரண்டரை. வீட்டு வாசலில் சமத்தாக ஏறி உட்காருவாள். பிளாஷெட் பார்க் கேட் வருவதற்குள் "நான் நடக்கிறேன்", அதற்கு அடுத்து "நான் தள்ளுகிறேன்". அந்தச் சீட்டில் அதிகம் பயணம் செய்தது ஐந்து கிலோ வெங்காய மூட்டை, மேலே கொத்தமல்லிக் கட்டு. பெல்ட் கூடப் போட்டுவிடுவேன், சரிந்து விழாமல் இருக்க.

28 ஜனவரி 2024

கேட்ட கேள்விக்கு நேரடியாக வருகிறேன். உங்கள் வீட்டுக்கு, உங்கள் படிக்கு, இரண்டு வயது இடைவெளிக்கு, இரட்டை வேண்டாம். லேசான ஒற்றை வண்டி, தட்டையாகப் படுக்கிற வசதியோடு. அதன் பின்னால் மாட்டுகிற நிற்கும் பலகை. கூடவே ஒரு துணி கேரியர்.

பலகை என்றால் லாஸ்கல் பக்கிபோர்டு மாதிரி, இரண்டு சக்கரம் வைத்த சின்ன மேடை. பெரியவன் கைப்பிடிக்கும் வண்டிக்கும் நடுவில் ஏறி நின்றுகொள்வான். பெரும்பாலும் 20 கிலோ வரை தாங்கும், இரண்டு வயதிலிருந்து என்று போட்டிருப்பார்கள். உங்கள் பையனுக்கு ஏப்ரலில் இரண்டு ஆகிவிடும், கணக்கு சரியாக வருகிறது. உட்கார சின்ன சீட் வைத்த பலகையும் உண்டு, தூக்கக் கலக்கத்தில் நிற்பவனுக்கு அது நல்லது. ஒரு கஷ்டம்: நீங்கள் கொஞ்சம் பின்தள்ளி, கையை நீட்டி நடக்க வேண்டும், இல்லையென்றால் முழங்கால் பலகையில் இடிக்கும். உயரமானவர்களுக்கு முதுகு வலிக்கும், எனக்கு ஐந்தடிதான், பிழைத்தேன்.

கேரியர் எதற்கு என்றால், பையன் தூங்கிவிட்டால் வண்டி அவனுக்கு, கைக்குழந்தை உங்கள் நெஞ்சில். மாடி ஏறும்போதும் அதுவே கைகொடுக்கும். வாங்குவதற்கு முன் போட்டுப் பார்க்க ஸ்லிங் லைப்ரரி என்று இந்த ஊரில் நிறைய இடத்தில் நடத்துகிறார்கள், வாடகைக்கு எடுத்துப் பார்த்துவிட்டு வாங்கலாம்.

இரட்டைக் குழந்தைகளுக்கும், ஒன்றேகால் வயது இடைவெளியில் அடுத்தது வந்தவர்களுக்கும் நான் சொல்வது பொருந்தாது. அவர்கள் இரட்டை வாங்கத்தான் வேண்டும், கதவு அகலமோ குறுகலோ.

3 பிப்ரவரி 2024

குடை மடிப்பு பக்கியை யார் கண்டுபிடித்தது என்று ஒருவர் கேட்டதால் கொஞ்சம் விலகிப் போகிறேன். ஓவன் மெக்லாரன், விமானப் பொறியாளர். இரண்டாம் உலகப்போரின் ஸ்பிட்ஃபயர் விமானத்தின் மடங்கும் சக்கரத்தில் வேலை செய்தவர். ஓய்வு பெற்ற பிறகு, மகள் பேத்தியோடு வெளிநாட்டிலிருந்து வந்தபோது அந்தக் கனமான வண்டியோடு அவள் திண்டாடியதைப் பார்த்து, அலுமினியக் குழாயில் 1965இல் ஒன்றை வடிவமைத்தார். மூன்று கிலோ கூட இல்லை. அதற்கு முன் பிராம் என்றால் பெரிய தோட்டமுள்ள வீட்டுச் சாமான். 1733இல் டெவன்ஷயர் பிரபுவின் பிள்ளைகளுக்காக வில்லியம் கென்ட் செய்ததை ஆடு இழுத்ததாம். ஈஸ்ட் ஹாமில் ஆடு கட்டினாலும் ஓனர் நோட்டீஸ் ஒட்டுவார்.

அதே மெக்லாரன் கம்பெனி 2009 நவம்பரில் அமெரிக்காவில் சுமார் பத்து லட்சம் வண்டிகளைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. விரிக்கும்போது பக்கவாட்டுக் கீலில் குழந்தைகளின் விரல் மாட்டிக்கொண்டு, அங்கே 12 குழந்தைகளுக்கு விரல் நுனி துண்டானது. கீலுக்கு மூடுதுணி கொடுத்தார்கள். நான் இதைச் சொல்வது வரலாற்றுக்காக இல்லை. உங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு குடை மடிப்பு இருக்கிறது, இனி அதை விரிக்கும்போது பக்கத்தில் நிற்கப் போவது ஆர்வக்கோளாறு பிடித்த ஒரு மூத்தவன். எந்த பிராண்டாக இருந்தாலும் அவனைக் கையெட்டாத தூரத்தில் நிறுத்திவிட்டு விரியுங்கள்.

11 பிப்ரவரி 2024

இப்போதுதான் சொல்கிறீர்கள், பையனை வாரத்தில் மூன்று நாள் நர்சரியில் விட வேண்டும், அது வீட்டிலிருந்து அரை மணி நடை என்று. இதை முதலிலேயே சொல்லியிருந்தால் 28ஆம் தேதி எழுதியதைக் கொஞ்சம் நீர்த்து எழுதியிருப்பேன். அரை மணி நேரம் பலகையில் நின்றுகொண்டு போக இரண்டு வயதுப் பையனால் முடியாது, அதுவும் நவம்பர் மழையில். போகும்போது நிற்பான், திரும்பும்போது சுருண்டு விழுவான்.

அப்படியானால் மூன்று வழி. முதலாவது, நர்சரி நாட்களில் கைக்குழந்தை கேரியரில், பையன் வண்டியில். முதல் ஆறேழு மாதத்துக்கு இதுவே போதும், அதற்கு மேல் தோள் கேட்காது. இரண்டாவது, 64 சென்டிமீட்டரில் அடங்கும் ஒடுக்கமான பக்கவாட்டு இரட்டையைப் பழையதாக வாங்கி, நர்சரி முடிந்ததும் விற்பது. மாடிப்படிதான் இதற்கு எமன். மூன்றாவது, வீட்டுக்குப் பக்கத்தில் வேறு நர்சரி. இதைப் பிராம் இழையில் சொல்வது வேடிக்கையாக இருக்கலாம், ஆனால் நான் பார்த்த வரை பத்து நிமிஷ நடையில் நர்சரி கிடைத்த குடும்பம் எதுவும் இரட்டைப் பிராமைத் தேடுவதில்லை.

எனக்கு இப்போதும் முதல் வழி பக்கம்தான் சாய்வு. ஆனால் "வேண்டவே வேண்டாம்" என்பதை "முதலில் வேண்டாம்" என்று திருத்திக்கொள்கிறேன். குழந்தை பிறந்து மூன்று மாதம் ஆன பிறகு, தினமும் போகிற வழி எது என்று தெரிந்தபின், இரட்டை வாங்கினாலும் கெட்டுப்போகாது. பிறப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் வாங்கி முடித்துவிட வேண்டும் என்று யார் சொன்னது? நம் ஊரில் அதை அபசகுனம் என்பார்கள். அந்த நம்பிக்கை எனக்குக் கிடையாது, ஆனால் காத்திருப்பது பணத்துக்கு நல்லது.

12 பிப்ரவரி 2024

ட்யூப் (லண்டன் பாதாள ரயில்) பற்றி ஒரு வரி. ட்யூபில் உள்ள 272 நிலையங்களில் மூன்றில் ஒரு பங்கில்தான் படியில்லாமல் போக முடியும். டூட்டிங் பிராட்வேயில் என் தங்கை வீட்டுக்குப் போனால் எஸ்கலேட்டர்தான், குழந்தையைத் தூக்கிக்கொண்டு வண்டியை மடித்துப் பிடிக்க வேண்டும். எலிசபெத் லைன் 2022இல் வந்ததிலிருந்து மேனர் பார்க்காரர்களுக்கு யோகம், அந்த லைனின் 41 நிலையங்களிலும் தெருவிலிருந்து பிளாட்பாரம் வரை படி ஏறாமல் போகலாம். கிழக்கு லண்டனில் ஓடும் டி.எல்.ஆர். ரயிலும் அப்படியே. வீடு மாற்றுகிற எண்ணம் இருந்தால் வாடகையோடு இதையும் கணக்கில் சேருங்கள்.

24 பிப்ரவரி 2024

பெரிய கடையில் போய்ப் பார்த்தேன், விற்பனையாளர் வெளியே பார்த்த சீட்தான் பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்றார் என எழுதியிருக்கிறீர்கள். ஒரு வயதுக்கு மேல் வேடிக்கை பார்க்கப் பிடிக்கும்தான். ஆனால் முதல் வருஷம் முகம் நம்மைப் பார்த்து இருக்கும்படி வாங்குங்கள். 2008இல் டண்டீ பல்கலைக்கழகத்தின் சுசான் சீடிக் இதை ஆராய்ந்தார். பிரிட்டன் தெருக்களில் ஆயிரக்கணக்கான ஜோடிகளைக் கவனித்ததில், குழந்தை வெளியே பார்த்து உட்கார்ந்த வண்டியைத் தள்ளுகிறவர்கள் அதனோடு பேசுவது மிகக் குறைவு. அதற்கு ஆராய்ச்சியே வேண்டாம், முகம் தெரியாத தலையோடு எவ்வளவு நேரம் பேசுவது? எனக்கு வேறு காரணமும் இருந்தது. இங்கே நாள் முழுக்கத் தமிழில் அதனோடு பேச நான் ஒருத்திதான்.

2 மார்ச் 2024

அரிசி மூட்டை விஷயம். ஹாரோவிலிருந்து எழுதுகிற ஒரு தங்கை கேட்டாள், பொன்னி அரிசி பத்துக் கிலோவைக் கைப்பிடியில் மாட்டலாமா என்று. கூடாது. குழந்தையைத் தூக்கிய அந்த நொடியில் வண்டி பின்பக்கம் சாயும். என் கண்ணெதிரே ஒரு பெண்மணிக்கு நடந்தது, நல்லவேளை குழந்தை அவர் கையில், வண்டி மல்லாந்தது, பை கிழிந்து அரிசி நடைபாதையெல்லாம் இறைந்தது. புறாக்கள் எங்கிருந்துதான் வந்தனவோ. கீழ்க்கூடைக்கும் எல்லை உண்டு, பல வண்டிகளில் ஐந்து கிலோதான். கூடையின் ஓரத்தில் ஒட்டியிருக்கும், வாங்குமுன் படியுங்கள். நம் வீட்டுச் சமையலுக்கு ஐந்து கிலோ கூடை என்பது தக்காளி, தயிர், ஒரு கீரைக்கட்டு, அவ்வளவுதான். அரிசியை வீட்டுக்குக் கொண்டுவந்து போடச் சொல்லுங்கள், கடைக்காரர்கள் போடுகிறார்கள்.

3 மார்ச் 2024

சக்கரம்: காற்று டயர் ஓட நன்றாக இருக்கும், பஞ்சர் ஆகும். பூங்காவில் ஓட்டம் ஓடுகிறவர் இல்லையென்றால் ரப்பர் அடைத்த டயரே போதும். இதில் இதற்கு மேல் எதுவும் இல்லை.

19 ஏப்ரல் 2024

வெயில் வந்துவிட்டது, அதனால் இது. அம்மாவோ மாமியாரோ வந்திருந்தால், பிராமின் மேல் துண்டையோ சேலையையோ போட்டு மூடுவார்கள். வெளிச்சம் படாமல் இருக்க என்பார்கள், அசல் காரணம் கண் பட்டுவிடும். மூட விடாதீர்கள். மெல்லிய மஸ்லின் துணி போட்டாலும் உள்ளே காற்று ஓடாமல் சூடு ஏறும், குழந்தை வெளியே தெரியாததால் நமக்கும் தெரியாது. குழந்தைத் திடீர் மரணம் பற்றி வேலை செய்யும் லலபை டிரஸ்டும் இதைத்தான் சொல்கிறது. வண்டியில் மாட்டும் குடையோ, காற்றுப்போகும் வலையோ போடலாம். என் மாமியாரிடம் நான் சொன்னது: கன்னத்தில் பெரிதாகப் பொட்டு வையுங்கள் அத்தை, வேண்டுமானால் வண்டிக்கும் ஒன்று வையுங்கள், துணி மட்டும் வேண்டாம். வண்டிக்கும் வைத்தார். மை கடைசி வரை போகவில்லை.

6 மே 2024

பெண் குழந்தை! சந்தோஷம். தூங்குங்கள், பதில் போட வேண்டாம்.

9 ஜூன் 2024

ஊருக்குப் போவது பற்றி இருவர் கேட்டிருக்கிறார்கள். மடித்தால் 52 x 44 x 18 சென்டிமீட்டர் ஆகிற பேபிசென் யோயோ மாதிரி வண்டிகள் பல விமானங்களில் மேல் தட்டிலேயே போய்விடும், கனம் ஆறு கிலோ சொச்சம், பிறந்த குழந்தைக்கென்று தட்டையான விரிப்பும் தனியாக உண்டு. ஆனால் எந்த விமானம் அனுமதிக்கிறது என்று முன்னாலேயே எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள். பெரிய வண்டியை விமான வாசலில் வாங்கிக்கொள்வார்கள். இறங்கும்போதும் வாசலிலேயே கிடைக்கும் என்று நம்பிப் போனோம், சென்னையில் அது பெட்டிகளோடு பெல்டில்தான் வந்தது, ஒரு சக்கரம் கோணிப்போய். கேரியரைக் கைப்பையிலேயே வையுங்கள்.

ஊரில் அதை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்பது வேறு கேள்வி. பாண்டி பஜாரில் அகல நடைபாதை போட்ட பிறகு அங்கே தள்ளலாம், மால்களில் தள்ளலாம். மற்ற இடத்தில் நடைபாதையில் பைக் நிற்கும். வீட்டில் தூளி கட்டியிருப்பார்கள், தூக்குவதற்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் உட்பட ஆள் இருக்கும். நாங்கள் இரண்டாவது தடவை எடுத்துப் போகவே இல்லை.

22 ஜூன் 2024

கடைசியில் என்ன வாங்கினீர்கள் என்று எழுதிவிட்டீர்கள்: பழைய லேசான ஒற்றை, பிறந்த குழந்தை விரிப்போடு, ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸில் 180 பவுண்டுக்கு. பலகை புதிது. நல்ல பேரம். விசாவில் பப்ளிக் ஃபண்ட்ஸ் (அரசு உதவிப் பணம்) கிடையாது என்று போட்டிருக்கிறவர்களுக்கு ஷ்யூர் ஸ்டார்ட் என்கிற பிரசவ உதவித்தொகை 500 பவுண்டும் கிடையாது, கிடைத்தாலும் அது பெரும்பாலும் முதல் குழந்தைக்குத்தான், ஆகவே பழையது வாங்குவதில் கூச்சமே வேண்டாம். பெற்றோருக்கான தொண்டு அமைப்பான என்.சி.டி.காரர்கள் நடத்தும் "நியர்லி நியூ" (பழைய சாமான்) விற்பனைகளிலும் நல்ல வண்டிகள் வரும், கதவு திறக்கும்போதே போனால்.

வீட்டுக்கு எடுத்து வந்தாயிற்று என்றாலும் சிலவற்றைப் பார்த்துவிடுங்கள். பிரேக்கைப் போட்டுவிட்டுச் சரிவில் நிறுத்தி, பாரம் வைத்துத் தள்ளிப் பாருங்கள், ஒரு சக்கரம் மட்டும் பிடித்தால் திருப்பிக் கொடுங்கள். பெல்ட் ஐந்து முனையும் இருக்கிறதா, கால் நடுவில் வருகிற பட்டையைப் பலர் கழற்றித் தொலைத்திருப்பார்கள். விரித்தபின் இரண்டாவது பூட்டு விழுந்ததற்கு "டக்" என்று சத்தம் கேட்க வேண்டும். அடியில் சட்டத்தில் ஈ.என். 1888 என்றும் மாடல் எண்ணும் ஒட்டியிருக்கும், அந்த எண்ணைப் போட்டுத் திரும்பப் பெறப்பட்ட வண்டியா என்று தேடுங்கள். 1888-1 என்றால் 15 கிலோ வரை, 1888-2 என்றால் 22 கிலோ வரை. பையனை அவ்வப்போது அதில் உட்கார வைக்கப் போகிறீர்கள் என்பதால் இது உங்களுக்கு முக்கியம்.

சீட் துணியைத் துவைக்கலாம், மெஷினில் குளிர்ந்த தண்ணீரில். பெல்டை மட்டும் கழற்றிக் கையால் துடையுங்கள். பக்கிளுக்குள் பிஸ்கட் தூள் அடைத்திருந்தால் வெந்நீரில் ஊறப் போட்டு அசைத்தால் வந்துவிடும், எண்ணெய் விடாதீர்கள்.